சவரக்கத்திக்குத் தோல் வார்: மூன்று வாங்கினேன், ஒன்று தேறியது

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அரை பிளேடு மாட்டிச் சவரம் செய்யும் கத்தி வைத்திருப்பவர்களுக்கு, கத்தியை இழுத்துப் பதமாக்கும் இந்தத் தோல் வார் தேவையே இல்லை, மழுங்கினால் பிளேடைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாட்டவேண்டியதுதான். இது தெரியாமல் வார் வாங்கி வைத்துக்கொண்டு முழித்த இரண்டு பேரை எனக்கே தெரியும். சலூன்களில் இன்று வார் தொங்காததற்கும் அந்த அரை பிளேடுதான் காரணம். எய்ட்ஸ் பயம் வந்த பிறகு ஆளுக்கொரு பிளேடு என்று ஆகிவிட்டது, கண்ணாடிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய கருத்த தோல் காணாமல் போனது. நான் சொல்லப்போவது பழைய முழுக்கத்திக்கான வாரைப் பற்றி, மடக்கினால் பிடிக்குள் போய் உட்காருமே, அந்தக் கத்தி.

சாணைக்கல் இரும்பைத் தேய்த்து எடுக்கும். வெறும் தோல் வார் அப்படி எடுக்காது. ஒவ்வொரு சவரத்திலும் கத்தியின் வாய் கண்ணுக்குத் தெரியாத அளவில் அங்கங்கே மடங்குகிறது, தோலில் இழுக்கும்போது அது நிமிர்ந்து மெருகேறுகிறது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த அவ்வளவுதான் ஒழுங்காக நடந்தால் மாதக்கணக்கில் கல் பக்கமே போகவேண்டாம். நடக்காவிட்டால், கல்லில் மணிக்கணக்காக உட்கார்ந்து ஏற்றிய கூர்மையை ஒரே காலையில் வாரில் தொலைத்துவிடலாம். நான் தொலைத்திருக்கிறேன்.

என் முதல் வார் ஆன்லைனில் வாங்கியது, 600 ரூபாய், 2 இஞ்ச் அகலம், ஒரிஜினல் லெதர் என்று போட்டிருந்தார்கள். லெதர்தான், பொய் இல்லை. ஆனால் குரோம் போட்டுப் பதனிட்ட தோல். கைப்பைக்கும் ஷூவின் மேல்பாகத்துக்கும் அது அருமையான தோல், மெத்தென்று வளையும், இழுத்தால் கொடுக்கும். வாருக்கு அந்தக் குணமே எமன். கொக்கியில் மாட்டி எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் நடுவில் தொய்ந்தது, கத்தி அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது தோல் வாயைச் சுற்றிக்கொண்டு கூர்மையை உருட்டிவிட்டது. இரண்டே வாரத்தில் கன்னத்தில் மயிரை வெட்டாமல் பிடுங்க ஆரம்பித்தது. கத்தியில்தான் கோளாறு என்று நினைத்து அதைச் சாணைக்கு அனுப்பி 500 ரூபாய் தண்டம் அழுதேன். திரும்பி வந்த கத்தியை அதே வாரில் மறுபடியும் இழுத்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வாருக்கு வேண்டியது மரப்பட்டையில் பதனிட்ட தோல், இந்த வித்தியாசத்தைக் கடையிலேயே கண்டுபிடிக்கலாம். தோலின் வெட்டுவாயைப் பாருங்கள். மரப்பட்டையில் பதனிட்டது என்றால் குறுக்கே முழுவதும் பழுப்பாக இருக்கும், குரோம் தோல் என்றால் நடுவில் பெரும்பாலும் நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரியும். மேல்பூச்சு இல்லாத தோலில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் பட்டைத் தோல் சட்டென்று உறிஞ்சிக் கருக்கும். அப்புறம், ஒரு ஸ்டீல் ஸ்கேலை மேலே குறுக்காக வைத்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்க்கவேண்டும், அடியில் வெளிச்சம் கசிந்தால் மேடுபள்ளம் இருக்கிறது என்று அர்த்தம். என் முதல் வாரில் டார்ச் அடித்த மாதிரி கசிந்தது.

இரண்டாவது, ஜெர்மனியில் வேலை பார்க்கும் சித்தப்பா மகன் ஊருக்கு வரும்போது வாங்கிவந்த ஸோலிங்கன் வார். கத்திக்கே பேர்போன ஊர். ஒரு பக்கம் செம்பழுப்புத் தோல், பின்பக்கம் துணி, கீழே கைப்பிடி. தோலின் தரத்தைக் குறை சொல்லவே முடியாது, பிரித்த அன்றே இழுக்கலாம் என்கிற மாதிரி இருந்தது, கத்தி போகும்போது தோல் லேசாகப் பிடித்து விடுகிற அந்தப் பிடிமானம் கைக்கு நன்றாகவே தெரிந்தது. எனக்கு ஒத்துவராதது அகலம். முழுக்கத்தியின் வாய் ஏறக்குறைய 3 இஞ்ச் நீளம், வார் அதைவிடக் குறுகல். அதனால் நேராக இழுத்தால் போதாது, இழுத்துக்கொண்டே கத்தியைப் பக்கவாட்டில் நகர்த்தி முனைவரைக்கும் தோல் படும்படி பார்க்கவேண்டும். பழகிய கைக்கு இது ஒன்றுமே இல்லை. நான் அப்போது பழகாத கை. நான்காவது நாள், வாரின் கடைசியில் கத்தியை அதன் முதுகின் மேல், அதாவது வாய்க்கு எதிர்ப்பக்கத் தடித்த விளிம்பின் மேல், உருட்டித் திருப்புவதற்குப் பதிலாக அவசரத்தில் வாயைச் சாய்த்துத் திருப்பியதில், 50 யூரோ தோலில் ஒரு காயம். சின்னதுதான், பசை வைத்து ஒட்டி, காய்ந்த பிறகு நைஸ் உப்புத்தாள் போட்டுச் சமன் செய்தேன். இன்றும் அந்த இடத்தைத் தாண்டும்போது கத்தி ஒரு சின்னச் சத்தம் போடுகிறது.

புதிதாகப் பழகுகிறவர் முதல் மாதத்தில் வாரை வெட்டுவார். அதனால் முதல் வாருக்குப் பெரிய காசு கொடுக்காதீர்கள், ஆனால் மட்டமான தோலும் வேண்டாம். இது இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டா என்று தேடித்தான் பெரியமேட்டுக்குப் போனேன்.

சென்னையில் இருப்பவர்களுக்குத் தெரியும், சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பின்னால் தோலும் ஷூ சாமானுமாகக் கடைகள் நிறைந்த இடம். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் தோல் பதனிட்டு உலகத்துக்கே ஏற்றுமதி செய்த ஊர்க்காரர்கள் நாம், ஆவாரைக்கு இங்கிலீஷிலேயே தோல் பதனிடுபவர் செடி என்கிற பொருளில் ஒரு பெயர் இருக்கிறது, இங்கே கிடைக்காமலா போகும் என்று ஒரு நம்பிக்கை. முதல் இரண்டு கடையில் வார் என்றதும் வாட்ச் ஸ்ட்ராப்பும் பெல்ட்டும் காட்டினார்கள். மூன்றாவது கடையில், “பாய், பெல்ட் வெட்டுற எருமைத் தோல், பட்டையில போட்டது, 3 இஞ்ச் அகலத்துல நீளமா ஒரு துண்டு வேணும்” என்று கேட்ட பிறகுதான் விஷயம் நடந்தது. கான்பூரிலிருந்து வரும் சேணத் தோலில் ஒரு சுருளை எடுத்துப் போட்டார். “எதுக்கு தம்பி, நாய்க்கா?” என்றார். சவரக்கத்திக்கு என்றதும் சுருளை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய் வேறு ஒன்றை எடுத்துவந்தார், முதுகுப் பாகத்தில் வெட்டியது, வயிற்றுப் பக்கம் என்றால் இழுபடும் என்று அவரே சொன்னார். 3 மில்லிமீட்டர் கனம், 2 அடி நீளம், வெட்டி ஒரு முனையில் இரும்பு வளையமும் தைத்துக் கொடுத்தார். மொத்தம் 450 ரூபாய்.

புதிதில் அது வறட்டுத் தோலாகத்தான் இருந்தது. உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துத் தேய்த்து, தினமும் டிவி பார்க்கும்போது பத்து நிமிஷம் என்று மூன்று வாரம் போன பிறகு, கையின் பிசுக்கு ஏறி மேலே ஒரு பளபளப்பு வந்தது. ஸோலிங்கன் தோலின் அந்த மிருதுவான பிடிப்பு இதில் இல்லை, கத்தி கொஞ்சம் வேகமாகவே வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் தொய்வதில்லை, 3 இஞ்ச் என்பதால் நேராக இழுத்தால் போதும், வெட்டினால் மனசு பதறாது. என் முகத்துக்கு வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு வாரையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

குதிரையின் பின்பாகத்திலிருந்து எடுக்கும் கார்டோவன் தோலைப் பற்றிச் சொல்லாவிட்டால் யாராவது கேட்பீர்கள். சிகாகோவில் ஹார்வீன் ஆலை 1905 முதல் இருக்கிறது, அங்கே அந்தத் தோல் தயாராகக் குறைந்தது ஆறு மாதம் ஆகும், விலையும் அதற்கு ஏற்ற மாதிரிதான். நண்பர் ஒருவருடையதில் இழுத்துப் பார்த்தேன், கண்ணாடி மேல் போகிற மாதிரி போனது. ஆசையாகத்தான் இருந்தது. வாங்கமாட்டேன்.

கட்டையில் ஒட்டிய வார் தொய்யாது, பயணத்துக்கு வசதி. அவ்வளவுதான் அதைப் பற்றி.

பச்சைப் பேஸ்ட் விவகாரம் ஒன்று இருக்கிறது. ஆன்லைன் வாருடன் ஒரு பச்சைக் கட்டி இலவசமாக வந்தது, குரோமியம் ஆக்ஸைடு, இரும்பை நைஸாகத் தேய்த்தெடுக்கும் பொடி. சவரக்கத்திக்கு என்று விற்கும் நல்ல சரக்கில் துகள் 0.5 மைக்ரான் அளவில் இருக்கும், எனக்கு வந்த கட்டியில் அளவு எதுவுமே போடவில்லை. தினமும் இழுக்கும் தோலில் இதைத் தடவிவிடாதீர்கள், ஏறினால் இறங்காது, அப்புறம் அது வார் இல்லை, நைஸான சாணைக்கல். வேண்டுமென்றால் பால்ஸா என்கிற லேசான மரக்கட்டை ஒன்றில் தடவி வைத்துக்கொண்டு, கூர் லேசாகக் குறைகிறபோது பத்துப் பதினைந்து இழுப்பு கொடுங்கள், போதும்.

சென்னைக்காரர்களுக்கு இன்னொரு தொல்லை, மழைக்காலம். போன நவம்பரில் பாத்ரூம் கதவில் மாட்டி வைத்திருந்த ஸோலிங்கன் வாரில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்துவிட்டது. துடைத்து, நிழலில் காற்றாட விட்டதில் சரியாகிவிட்டது. இப்போது இரண்டும் படுக்கையறையில், ஜன்னலுக்குப் பக்கத்தில் தொங்குகின்றன, மனைவிக்கு அதில் பெரிய சந்தோஷம் ஒன்றும் இல்லை. தேங்காய் எண்ணெயும் ஷூ பாலிஷும் பக்கத்திலேயே வரக்கூடாது.

சவரத்துக்கு முன்னால் நான் துணியில் 20, தோலில் 50 இழுக்கிறேன், முதுகு முன்னே போகும்படி, அழுத்தாமல், கத்தியின் கனம் மட்டும் தோலில் இருக்கும்படி. பெரியமேட்டு வாரில் துணி கிடையாது. அதற்குப் புதுப்பேட்டையில் பழைய கார் உதிரிபாகக் கடையில் ஒரு சீட் பெல்ட் நாடா வாங்கி, சோப்புப் போட்டு இரண்டு தடவை துவைத்து, அதே வளையத்தில் கோத்துவிட்டேன். 50 ரூபாய். ஸோலிங்கன் துணியைவிட அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.