ஜிப்சமா, கரியா, வண்டலா? நம்ம காட்டு மண்ணுக்கு எது முதலில்?

காங்கேயம், தாராபுரம் பக்கம் நல்ல மழை ஒன்று பெய்து நாலு நாள் கழித்துக் காட்டுக்குள், அதாவது நம் விளைநிலத்துக்குள், இறங்கிப் பாருங்கள். மேலே அப்பளம் மாதிரி பொருக்கு கட்டியிருக்கும். அதைப் பெயர்த்தால் கீழே ஈரம் ஒரு விரல்கூட இறங்கியிருக்காது. போர் தண்ணீரில் வரும் உப்பும், எரு போடாமல் வெறும் யூரியா, டிஏபியிலேயே ஓட்டிய வருஷங்களும் சேர்ந்து செய்த வேலை இது. இதற்கு ஆளுக்கொரு மருந்து சொல்கிறார்கள். எல்லாமே நல்ல மருந்துதான், ஆனால் வியாதி வேறு வேறு.

முதலில் ஜிப்சம். களர் மண்ணுக்கு இதை மிஞ்சியது இல்லை. களரில் சோடியம் களிமண் துகள்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றைப் பிரித்துவிடுகிறது. ஜிப்சத்தில் உள்ள கால்சியம் அந்த இடத்தைப் பிடித்து சோடியத்தை வெளியே தள்ளும். தள்ளியதைத் தண்ணீர் கட்டி வடித்துவிட வேண்டும். வடிகால் இல்லாத நிலத்தில் ஜிப்சம் கொட்டுவது வீண். சோடியம் ஒட்டாமல் உப்பு மட்டும் ஏறிய வெறும் உவர் மண் என்றால் ஜிப்சமே தேவையில்லை, நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவினால் போதும்.

களரா என்று வீட்டிலேயே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். கண்ணாடி டம்ளரில் மழைத்தண்ணீர் ஊற்றி, கொட்டைப்பாக்கு அளவு காய்ந்த மண்கட்டியை மெதுவாக விட்டு, கலக்காமல் வைத்துவிடுங்கள். மறுநாள் கட்டியைச் சுற்றிப் பால் கலந்த மாதிரி கலங்கல் நின்றால் சோடியத்தின் வேலை என்று சந்தேகப்படலாம். பிறகு மண் பரிசோதனை. பிஎச் (மண்ணின் புளிப்பு, கார அளவு) 8.5-ஐத் தாண்டி, பரிமாற்ற சோடியம் (மண் துகளோடு ஒட்டியிருக்கும் சோடியத்தின் பங்கு) 15 சதவீதத்துக்கு மேல் இருந்தால் களர்தான். அதில் சொல்லும் அளவுக்கு ஜிப்சம் போடுங்கள். நிலக்கடலைக்காரர்களுக்கு இது வேறு கணக்கு: 40 முதல் 45 நாளில் மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ போடுவது காய் திரள்வதற்காக.

அடுத்தது பாறைத்தூள். இதற்கு நான் காசு செலவழிக்க மாட்டேன். எரிமலைப் பாறைத்தூள் புளிப்பு மண்ணில் கரைந்து பலன் தரும். நம் கிரஷர்களில் விழுவது பெரும்பாலும் கருங்கல் தூள். அதுவும் காரத்தன்மையுள்ள நம் மண்ணில் கரைய வெகுகாலம் ஆகும்.

கரி விஷயம் அப்படி அல்ல. காங்கேயத்தில் கொட்டாங்குச்சிக் கரி கண்முன்னே மூட்டை மூட்டையாகப் போகிறது. மணல் கலந்த செம்மண்ணில் தண்ணீரையும் சத்தையும் பிடித்து வைக்க அது உதவும், எரு மாதிரி சீக்கிரம் மக்கிப் போகாது. ஆனால் கரி உணவு அல்ல, பாத்திரம். வெறும் கரியைப் போட்டால் மண்ணில் இருக்கிற தழைச்சத்தை அதுவே பிடித்துக்கொள்ளும். உடைத்து, சாணிக்கரைசலும் கோமியமும் உள்ள தொட்டியில் கொட்டுங்கள். முதலில் சலசலவென்று குமிழ் விட்டு மிதக்கும், பிறகு ஒவ்வொன்றாக அமிழும். இரண்டு மூன்று வாரம் ஊறட்டும், அப்புறம் எருக்குப்பையோடு கலந்து போடலாம். கரியும் காரம்தான், அதனால் பிஎச் ஏற்கெனவே ஏறிய நிலத்தில் கை தாராளம் வேண்டாம்.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்க்கழிவு மலைபோலக் கிடைக்கிறது. நான் ஒரு முறை பச்சையாகவே மக்காச்சோளத்துக்குப் போட்டேன், மூன்றாவது வாரம் பயிர் முழுக்க மஞ்சள். அதில் கரிமமும் தழைச்சத்தும் 112-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கின்றன. அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் பயிரின் பங்கைத்தான் எடுத்தன. டன்னுக்கு 5 கிலோ யூரியா, சிப்பிக்காளான் வித்து 5 பாட்டில் அடுக்கி, ஈரம் காயாமல் ஒரு மாதம் மக்க வைத்தால் விகிதம் 24-க்கு 1 ஆக இறங்கும். அதற்குப் பிறகு அருமையான உரம்.

ஏரி வண்டல் மணற்பாங்கான செம்மண்ணுக்குப் பொன். கரிசலுக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. நொய்யல் ஓரம் சாயக்கழிவு தேங்கிய குளத்து வண்டலை மட்டும் உப்பு பார்க்காமல் ஒரு டிப்பர்கூட இறக்காதீர்கள்.

என் தேர்வு, ராத்திரியில் ஆடுகளை வயலிலேயே அடைத்துப் போடும் ஆட்டுப்பட்டியும், மடக்கி உழும் பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டும்தான். காரணம் நம் காலடியிலேயே இருக்கிறது. சுக்கான்கல் (சுண்ணாம்புக் கட்டி) உள்ள மண்ணில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், நுரைக்கும். கடையில் வாங்கும் கால்சியம் அங்கே ஏற்கெனவே சுண்ணாம்பாகப் பூட்டிக்கிடக்கிறது. தழையும் எருவும் மக்கும்போது வரும் கரியமில வாயுவும் அமிலங்களும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து விடுவிக்கும். ஜிப்சம் செய்வதை மெதுவாகச் செய்து, கூடவே மண்ணில் கரிமமும் ஏற்றும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் 1909 முதல் நடக்கும் நிரந்தர உரச் சோதனை வயலிலும், தொழு உரம் விழும் பாத்திகளில்தான் கரிமம் கூடியிருக்கிறது.

கடுமையான களருக்கு மட்டும் ஜிப்சம் முந்தட்டும், கட்டிய தண்ணீர் வடிந்த ஈரத்திலேயே ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூ எடுக்கும் சமயத்தில் மடக்கி உழுதுவிடுங்கள். மற்ற காடுகளில் அறுவடை முடிந்ததும் பட்டியை இரண்டு மூன்று ராத்திரிக்கு ஒரு முறை இடம் மாற்றி மாற்றிப் போட்டு, புழுக்கை காய்ந்து பறப்பதற்குள் ஒரு ஓட்டு உழுதுவிட்டால் சரி.