கொழும்புக்குப் பக்கத்தில் ஒரு ரோலர் கோஸ்டர்: இரும்புக்கு முழுப் புள்ளி, ஆசனச் சட்டத்துக்குப் பாதி

கொழும்பிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய பொழுதுபோக்குப் பூங்கா இது. பெயர் முக்கியமில்லை, இங்கே சொல்வதை எந்தப் பூங்காவிலும் நின்று பார்த்துக்கொள்ளலாம். ரோலர் கோஸ்டர் சிறியது: ஏறக்குறைய நாலு மாடி உயரம், சங்கிலி இழுத்து ஏற்றும் ஒரே ஒரு ரயில், ஐந்து பெட்டி, இருபது பேர். ஒரு ரயில் மட்டுமே ஓடுவதால் ரயிலோடு ரயில் மோதும் பயம் இல்லை. மீதி எல்லாவற்றையும் பார்க்கத்தான் வேண்டும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். கதவு திறக்க இரண்டு மணி நேரத்துக்கு முன்பே மெக்கானிக்குகள் இருவர் தண்டவாளத்தை ஒட்டிய நடைபாதையில் ஏறி முழுச் சுற்றும் நடக்கிறார்கள். நட்டுகளைப் பாருங்கள்: ஒவ்வொன்றிலிருந்தும் அடித்தகடு வரை ஒரு மஞ்சள் பெயின்ற் கோடு. கோடு நேராக இருந்தால் நட்டு அசையவில்லை. நட்டில் ஒரு துண்டும் தகட்டில் ஒரு துண்டுமாக விலகி நின்றால் அது சுற்றிவிட்டது. அப்போது கைக்கு வந்த ஸ்பானரால் இறுக்கிவிட்டுப் போகக் கூடாது. ஏன் தளர்ந்தது என்று பார்த்து, தேவையானால் போல்ட்டையே மாற்றி, தயாரிப்பாளர் கொடுத்த அளவுக்கு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டோர்க் ஸ்பானரால் இறுக்கி, புதுக் கோடு போட வேண்டும். இங்கே அப்படித்தான் செய்கிறார்கள். பழைய கோட்டுக்குப் பக்கத்தில் புதுக் கோடு விழுந்த இடங்கள் கீழிருந்தே தெரிகின்றன. இது சின்ன விஷயமல்ல. 1986 ஜூன் 14இல் கனடாவின் எட்மன்டன் நகரில் ‘மைன்ட்பென்டர்’ என்ற ரோலர் கோஸ்டர் ரயிலின் கடைசிப் பெட்டியில் சில்லுத் தொகுதியைப் பிடித்திருந்த போல்ட்டுகள் கழன்றன. தொகுதி பிரிந்து, பெட்டி தூணில் மோதி மூன்று பேர் இறந்தார்கள்.

சில்லுகள் மூன்று வகை. பாரம் தாங்குவது தண்டவாளத்தின் மேல், வளைவில் விலகாமல் பிடிப்பது பக்கத்தில், மேலே கிளம்பவிடாமல் தடுப்பது அடியில். அடிச் சில்லுக்கு அமெரிக்காவின் ஜோன் மில்லர் 1919இல் காப்புரிமை பெற்றார். அதன் பிறகுதான் செங்குத்தான இறக்கங்களைத் துணிந்து கட்ட முடிந்தது. சில்லின் மேலிருக்கும் பொலியூரெத்தேன் என்ற கடினமான பிளாஸ்டிக் பூச்சு வெயிலுக்கும் ஈரத்துக்கும் பாளம் பாளமாக உரியும், அல்லது நடு உலோகத்திலிருந்து பிரியும். சோதனை ஓட்டம் முடிந்தவுடன் வரிசையாகச் சில்லுகளின் சூட்டைப் பார்ப்பது நல்ல வழக்கம்: பக்கத்துச் சில்லுகளைவிட ஒன்று மட்டும் கொதித்தால் அதன் பேரிங் போகப்போகிறது. இங்கே அதற்கென்று சூடு அளக்கும் கருவி வைத்திருக்கிறார்கள்.

ஏற்றத்தில் கேட்கும் ‘டக், டக்’ சத்தம் பயமுறுத்துவதற்காக வைத்ததல்ல. பெட்டியின் அடியிலுள்ள கொக்கி, பாதையின் இரும்புப் பற்களில் ஒவ்வொன்றாக விழுந்து எழும் சத்தம் அது. சங்கிலி அறுந்தாலும் ரயில் பின்னால் உருளாமல் பிடிப்பது அந்தக் கொக்கிதான். 1972 மே 30இல் லண்டன் பட்டர்ஸி பூங்காவில் ரயில் இழுவைக் கயிற்றிலிருந்து விடுபட்டது, பின்னோட்டத் தடுப்பும் பிடிக்கவில்லை. ஐந்து பிள்ளைகள் இறந்தார்கள். சத்தம் ஒரே சீராக வர வேண்டும். இடையிடையே விட்டுப்போனால், காய்ந்து இறுகிய கிறீஸில் கொக்கி ஒட்டியிருக்கலாம், அல்லது அதன் ஸ்பிரிங் உடைந்திருக்கலாம். இங்கே கொக்கிகளைக் கழுவித் துடைத்து மெல்லிய எண்ணெய்தான் விடுகிறார்கள். சரியான வேலை.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்பது நம் நாட்டில் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி. இங்குள்ள பிரேக் ஸ்பிரிங்கால் மூடுவது, காற்றழுத்தத்தால் திறப்பது. ஆகவே கரண்டும் காற்றும் போனால் பிரேக் தானாகவே பிடிக்கும். காற்றால் மூடும் பிரேக்காக இருந்தால் ஏறவே வேண்டாம். கொழும்பின் ஈரக் காற்றில் கம்ப்ரெசர் தாங்கியின் அடியில் தண்ணீர் சேர்ந்துவிடும். நாள்தோறும் வடிக்காவிட்டால் அது வால்வுக்குள் போய்க் கறள் பிடித்து வால்வு இறுகும். தாங்கிக்குக் கீழே தரை நனைந்திருந்தது, வடித்த அடையாளம்.

கறள் பற்றி ஒரு குறை. கடல் உப்பு காற்றோடு உள்ளே வரை வருகிறது. தூண்கள் நன்றாக இருக்கின்றன, ஆனால் பின்பக்கத் தூண்கள் இரண்டின் அடித்தகட்டில் இலைகுழை குவிந்து, அதற்குள் தண்ணீர் நிற்கிறது. ஒரு வெல்டிங் ஓரத்திலிருந்து விரல் நீளத்துக்குக் கபில நிறத்தில் கண்ணீர்போல ஒழுகிய கோடு. வெறும் கறளாகவும் இருக்கலாம், வெடிப்பின் வாயாகவும் இருக்கலாம். பெயின்ற் பூசி மறைக்கக் கூடாது. பெயின்றைச் சுரண்டிச் சுத்தம் செய்து, சிவப்புச் சாயம் விசிறி, சற்று ஊறவிட்டுத் துடைத்து, மேலே வெள்ளை மாவை விசிற வேண்டும். வெடிப்பு இருந்தால் வெள்ளையில் சிவப்புக் கோடு எழும். அரை மணி நேர வேலை. 2023 ஜூனில் அமெரிக்காவின் ‘ஃபியூரி 325’ ரோலர் கோஸ்டரின் தூணில் இருந்த வெடிப்பைக் கண்டுபிடித்தது பார்வையாளர் ஒருவர். அதனால் கண்ணில் பட்டதை அலுவலகத்தில் சொல்லுங்கள். இங்கே சொன்னபோது எழுதிக்கொண்டார்கள்.

பாதிப் புள்ளி போவது ஆசனத்தில். இரண்டு பேருக்கு, மடிக்கு மேல் இறங்கிப் பூட்டும் ஒரே மடிச்சட்டம். தகப்பனும் ஆறு வயதுப் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்தால் சட்டம் தகப்பனின் தொடையில் முட்டி நின்றுவிடும். பிள்ளையின் மடிக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி. சட்டம் பல்லுப் பல்லாகத்தான் இறங்கும். இரண்டு பல்லுக்கு நடுவே நின்றால் மேல் பல்லில்தான் பூட்டும், இடைவெளி இன்னும் கூடும். உச்சியிலிருந்து ரயில் சரியும் கணத்தில் உடம்பு ஆசனத்தைவிட்டு எழும். அப்போது பிள்ளையைப் பிடிக்க அந்தச் சட்டம் மட்டுமே உண்டு, அதுவோ தொடையைத் தொடவேயில்லை. வாசலில் உயரம் அளக்கிறார்கள், அளவும் சரிதான். ஆனால் இந்த இடைவெளியை உயரக்கோல் காட்டாது.

பத்துச் சட்டத்தையும் ஒழுங்காகப் பார்க்க ஒரு நிமிடமாவது வேண்டும்: கீழே அழுத்தி, பிறகு இரண்டு கையாலும் மேலே இழுத்து, இருவர் மடியையும் தனித்தனியாகக் குனிந்து பார்க்க வேண்டும். சாதாரண நாளில் அப்படியே செய்கிறார்கள். போயா லீவில் வரிசை நீண்டால் அரை நிமிடத்தில் ரயில் கிளம்புகிறது. ஊழியர் சட்டத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விடுகிறார். காலையில் இரண்டு மணி நேரம் நட்டு நட்டாகப் பார்த்தவர்களின் உழைப்பு அந்த அரை நிமிடத்தில் வீணாகிறது. கூட்ட நாளில் மேடையில் இன்னும் ஓர் ஊழியரை நிறுத்தினால் போதும்.

அதுவரை ஒரே அளவான பிள்ளைகள் இருவரைச் சேர்த்து உட்கார வையுங்கள், பெரியவர் பின் ஆசனத்தில் ஏறலாம். சட்டத்தை நீங்களே மேலே இழுத்துப் பாருங்கள். பிள்ளையின் மடிக்கு மேல் உள்ளங்கை நுழைந்தால் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லி இறங்கிவிடுங்கள். கவுண்டரில் முகம் சுளிக்காமல் ரிக்கற் காசைத் திருப்பித் தருகிறார்கள்.