நெல்லைல இருந்துகிட்டு ரைட்ஸ் ஏஜென்சிகிட்ட புக்கைக் குடுக்கலாமா? எங்க அனுபவத்துல ஒரு ரிவ்யூ

பாளையங்கோட்டைல சின்னதா ஒரு பதிப்பகம் நடத்துதேன். பெரும்பாலும் நாவல், சிறுகதை, எல்லாம் நம்ம பக்கத்து ஆட்கள் எழுதுனது. பொருநை நெல்லை புத்தகத் திருவிழால ஸ்டால் போட்டா புக்கு வாங்க வாரவங்க ஒரு பக்கம்னா எழுதுறவங்க ஒரு பக்கம் வந்து நிப்பாங்க, அவங்க எல்லாரும் கேக்குற கேள்வி ஒண்ணுதான், நம்ம புக்கை மலையாளத்துக்கோ இங்கிலீஷுக்கோ எப்படி சார் கொண்டு போறது, சினிமாக்காரங்க கேட்டா யாரைப் பேசச் சொல்லணும். ஒவ்வொருத்தர்கிட்டயும் நின்னு விளக்க முடியல, அதான் இங்க எழுதுதேன்.

நாங்க போட்ட ஒரு நாவலோட வெளிநாட்டு உரிமை, பிறமொழி உரிமை, சினிமா உரிமை மூணையும் சென்னைல உள்ள ஒரு லிட்ரரி ஏஜென்சிகிட்ட, அதாவது எழுதுறவங்க சார்புல உரிமையைப் பேசி வித்துக் குடுக்குற ரைட்ஸ் ஏஜென்சிகிட்ட குடுத்தோம். ஏஜென்சி பேரு போடல, கீழ குறையும் சொல்லிருக்கேன், அதுக்கு அவங்க பதில் சொல்ல இங்க இடம் கிடையாது. நாவல் முக்கூடல் பக்கம் பீடி சுத்துற பொம்பளையாளுகளைப் பத்தினது. எழுதுனவிய அம்பாசமுத்திரத்துல ரிட்டையர் ஆன வாத்தியார், எங்களுக்கெல்லாம் அண்ணாச்சி.

மார்க்கை முதல்லயே சொல்லிடுதேன். அக்ரிமெண்ட் வேலைக்கு அஞ்சுக்கு அஞ்சு. சினிமா பேச்சுவார்த்தைக்கு நாலரை. வெளிநாட்டுல விக்கிறதுக்கு மூணு. மெயிலுக்குப் பதில் போடுறதுக்கு ரெண்டு.

கமிஷன் இந்திய மொழிகளுக்கு 15 சதவீதம், வெளிநாட்டுக்கும் சினிமாவுக்கும் 20. வெளிநாட்டுல அந்தந்த நாட்டு ஏஜென்ட் ஒருத்தரும் நடுவுல இருந்தா அவரு பங்கும் அந்த 20க்குள்ளயே. இது இந்தத் தொழில்ல சாதாரணமா வாங்குற அளவுதான், கூட இல்ல. வித்தாதான் கமிஷன், விக்கலேன்னா ஒண்ணும் கிடையாது. முன்கூட்டியே பதிவுக் கட்டணம், வாசிப்புக் கட்டணம்னு யாராச்சும் பணம் கேட்டா அங்கேருந்து எந்திரிச்சு வந்துருங்க.

முதல் நாள் போனதும் ஏஜென்சில எங்க புக்கைப் பாத்துக்கிட்ட மேடம் நாவலைப் பத்திப் பேசவே இல்ல. "உங்களுக்கும் ஆசிரியருக்கும் உள்ள அக்ரிமெண்ட்டைக் காட்டுங்க சார்"னாங்க. நம்ம பக்கம் பதிப்பாளரும் எழுத்தாளரும் எழுதிக்கிடுதது குறைவு, பழக்கத்துலயும் நம்பிக்கைலயும் ஓடுது, தமிழ்ப் பதிப்புல ரொம்ப காலமா அதுதான் வழக்கம். ஆனா எழுத்துல இல்லாத உரிமையை வெளிநாட்டு பதிப்பாளர் தொடவே மாட்டார், மொழிபெயர்ப்பு உரிமை ஆசிரியர்கிட்ட இருக்கா பதிப்பகத்துகிட்ட இருக்கான்னு தெரியாம ஒரு பைசா அனுப்ப மாட்டார். அதனால அவங்களே உக்காந்து எங்களுக்குள்ள ஒரு அக்ரிமெண்ட் எழுதிக் குடுத்தாங்க. தமிழ் அச்சும் இ-புக்கும் எங்களுக்கு, ஆடியோ, மொழிபெயர்ப்பு, சினிமா, வெப் சீரிஸ், நாடகம் எல்லாம் அண்ணாச்சிக்கு, மொழிபெயர்ப்புல வர்ற பணத்துல மட்டும் எங்களுக்கு ஒரு சின்ன பங்கு. பதிப்பாளரா நான் கொஞ்சம் விட்டுக் குடுத்த மாதிரிதான் தெரியும், ஆனா அதுதான் நியாயம்னு நான் மனசார நம்புதேன்.

அன்னைக்கு அவங்க சட்டத்தையும் எடுத்து விளக்குனாங்க, எழுதுற எல்லாரும் இதைத் தெரிஞ்சு வச்சுக்கிடணும். 1957 காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்துல 19வது பிரிவுன்னு ஒண்ணு. உரிமையை மாத்திக் குடுத்தா எழுத்துல இருக்கணும், கையெழுத்து இருக்கணும், எந்தெந்த உரிமை, எத்தனை வருசம், எந்த நாடு எல்லாம் போட்டிருக்கணும். வருசம் போடலேன்னா 5 வருசம்னு அர்த்தம். நாடு போடலேன்னா இந்தியா மட்டும். வாங்குனவர் ஒரு வருசத்துக்குள்ள அந்த உரிமையைப் பயன்படுத்தலேன்னா அது தானா திரும்பி வந்துரும், ஆனா அக்ரிமெண்ட்ல வேற மாதிரி எழுதிருந்தா வராது. அந்தக் கடைசி வரிதான் ஆபத்து, சினிமா அக்ரிமெண்ட்ல இந்த விதி பொருந்தாதுன்னு பொடி எழுத்துல ஒரு வரி இருக்கான்னு தேடிப் பாருங்க. 2012ல சட்டத்தைத் திருத்துனப்போ இன்னொண்ணும் சேத்தாங்க, கையெழுத்துப் போடுற காலத்துல இல்லாத, வியாபாரத்துக்கு வராத ஊடகம் எதுவும் அந்த அக்ரிமெண்ட்ல சேராது, பேரைச் சொல்லி எழுதிருந்தாதான் சேரும். ஓடிடி வர்றதுக்கு முன்னாடி கதையைக் குடுத்த ஆட்கள் பழைய பேப்பரை எடுத்து ஒருக்கா படிச்சுப் பாக்கலாம். எழுதுனவர் போன பிறகும் 60 வருசம் காப்புரிமை இருக்கு, இது பேரப் பிள்ளைங்க காலம் வரைக்கும் போற சமாச்சாரம்.

சினிமா விஷயத்துக்கு வாரேன், இதுலதான் ஏஜென்சியோட அருமை தெரிஞ்சது. நாவல் வந்த கொஞ்ச நாள்ல ஒரு தயாரிப்பு கம்பெனி ஆளுக சென்னைலேருந்து அம்பைக்கே, அதான் அம்பாசமுத்திரத்துக்கே வந்துட்டாங்க. நல்ல மரியாதையா பேசினாங்க, புக்கை உண்மையிலேயே படிச்சிருந்தாங்க, கவர்ல டோக்கன் அட்வான்ஸ். கூடவே ஒரு பக்க அக்ரிமெண்ட். அண்ணாச்சி எனக்குப் போன் போட்டு "தம்பி, இவ்வளவு தூரம் தேடி வந்திருக்காவ, கையெழுத்துப் போட்டுக் குடுத்துருவமா?"ன்னு கேக்காவ. நான் பேப்பரை வாட்ஸ்அப்ல வாங்கி மேடத்துக்கு அனுப்புனேன். மெயிலுக்கு வாரக்கணக்குல பதில் போடாதவங்க அன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள கூப்பிட்டு வரி வரியா சொன்னாங்க. "கதையின் முழு உரிமை, எல்லா மொழிகளிலும், எல்லா வடிவங்களிலும், நிரந்தரமாக"ன்னு ஒரே வரில இருந்தது. அந்த வரிக்குள்ள ரீமேக் போச்சு, டப்பிங் போச்சு, இரண்டாம் பாகம் போச்சு, வெப் சீரிஸ் போச்சு, அந்தக் கதாபாத்திரங்களை வச்சு அண்ணாச்சி இன்னொரு நாவல் எழுதணும்னாக்கூட அவங்களைக் கேக்கணும். வீட்டை வாடகைக்கு விடுறதா நினைச்சுக்கிட்டு கிரயப் பத்திரத்துல கையெழுத்துப் போடுற கதைதான்.

மேடம் பதிலுக்கு ஆப்ஷன் அக்ரிமெண்ட் ஒண்ணு அனுப்புனாங்க. தெரியாதவங்களுக்காகச் சொல்லுதேன், ஆப்ஷன்னா உரிமையை விக்கல, ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு வேற யாருக்கும் குடுக்காம அவங்களுக்காக வச்சிருக்கோம். சாதாரணமா 12 மாசம், 18 மாசம். அதுக்கு ஒரு தொகை, மொத்த விலைல பத்து சதவீதம் மாதிரி. அந்தக் காலத்துக்குள்ள அவங்க ஹீரோ, டைரக்டர், பணம் எல்லாம் சேத்துக்கிட்டு வந்து மீதித் தொகையைக் குடுத்தாதான் உரிமை அவங்களுக்கு. இல்லேன்னா ஆப்ஷன் பணம் நமக்கு, கதையும் நமக்கே. நீட்டிக்கணும்னா இன்னொரு தொகை. ரீமேக்குக்குத் தனியா, சீரிஸுக்குத் தனியா, டைட்டில் கார்டுல நாவல் பேரும் ஆசிரியர் பேரும் கண்டிப்பா வரணும்னு ஒரு வரி. சினிமாக்காரங்க முதல்ல முகம் சுளிச்சாங்க, இங்கெல்லாம் இப்படி வழக்கம் இல்லையே சார்னாங்க, மேடம் விடல, கடைசில 18 மாசத்துக்கு ஒத்துக்கிட்டாங்க. முதல்ல நீட்டுன கவரை விட ஆப்ஷன் தொகை கொஞ்சம் குறைவுதான், ஆனா அண்ணாச்சி கையை விட்டு ஒண்ணும் போகல.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்லுதேன்னா நம்ம பக்கத்துலயே உதாரணம் இருக்கு. கோவில்பட்டி பூமணியோட வெக்கை 1982ல வந்த நாவல். அது அசுரன்னு படமானது 2019ல. அடுத்து 2021ல தெலுங்குல நாரப்பான்னு ரீமேக். 37 வருசம் கழிச்சு ஒரு கதை எந்திரிச்சு ரெண்டு மொழில நடக்கும்னு 1982ல யாரு கண்டா? இன்னைக்கு அம்பைல உக்காந்து எழுதுற ஒரு நாவல் 2060ல என்னவா ஆகும்னு நமக்கும் தெரியாது, அதனாலதான் "நிரந்தரமாக"ங்கற வரியைப் பாத்தா பேனாவை மூடிருங்கங்கேன். விக்கத் தெரிஞ்ச ஏஜென்ட் நிறையப் பேர் இருப்பாங்க, எதை விக்கக் கூடாதுன்னு சொல்லுத ஏஜென்டுக்குத்தான் நான் கமிஷன் குடுக்கேன்.

இப்பம் குறைக்கு வாரேன். வெளிநாட்டு விற்பனைல எனக்குப் பாதி திருப்திதான். அவங்க வேலை செய்யலன்னு சொல்ல முடியாது. புக்குக்கு ஒரு பக்கத்துல கதைச்சுருக்கம், ஆசிரியர் குறிப்பு, எந்தெந்த உரிமை காலியா இருக்குங்கற விவரம், 30 பக்கம் இங்கிலீஷ்ல மாதிரி மொழிபெயர்ப்பு, இதெல்லாம் சேத்து ரைட்ஸ் கேட்லாக்ல போட்டு அக்டோபர்ல பிராங்பர்ட் புத்தகச் சந்தைக்குக் கொண்டு போனாங்க. அங்க ஏஜென்டுகளுக்குன்னே தனி அரங்கு, வரிசையா மேஜை, அரை மணி நேரத்துக்கு ஒரு சந்திப்பு, முன்னாடியே நேரம் வாங்கணும். அந்த அரை மணி நேரத்துல ஏஜென்ட் கைல இருக்குற எல்லா புக்கையும் சொல்லணும், நம்ம நாவலுக்கு ரெண்டு நிமிஷம் கிடைச்சா பெருசு. அப்போ அந்த ஒரு பக்கமும் மாதிரி மொழிபெயர்ப்பும்தான் நமக்காகப் பேசணும்.

அந்த ரெண்டுமே முதல்ல சரியில்ல. கதைச்சுருக்கத்துல வறுமை, கண்ணீர், அடிமைத்தனம்னு அடுக்கிருந்தாங்க. நாவல்ல அந்தப் பொம்பளையாளுக மடில தட்டை வச்சுக்கிட்டு பீடி சுத்திக்கிட்டே ஊர்க்கதை பேசுதாங்க, சிரிக்காங்க, சண்டை போடுதாங்க, கங்காணிகிட்ட கணக்குக் கேக்காங்க. அது ஒண்ணுமே அந்தப் பக்கத்துல இல்ல. மாதிரி மொழிபெயர்ப்புலயும் அதே கதை, கிழவியும் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் ஒரே மாதிரி பேசுதாங்க, நெல்லைப் பேச்சோட வீச்சு எங்கயும் தெரியல. படிச்சுட்டு அண்ணாச்சி ரொம்ப நேரம் பேசவே இல்ல. நாங்க வற்புறுத்தி, பாளைல ஒரு காலேஜ்ல இங்கிலீஷ் சொல்லிக் குடுக்குற, இந்தப் பேச்சுக்குள்ளயே பிறந்து வளந்த ஒரு பேராசிரியையை வச்சு மறுபடியும் செய்ய வச்சோம். ஏஜென்சி அதுக்கு மறுப்பு சொல்லல, அது நல்ல குணம், ஆனா முதல் மாதிரியோட செலவையும் வரவுல கழிச்சுக்கிடுவோம்னு சொன்னது எனக்குப் பிடிக்கல. மொழிபெயர்ப்பாளர் யாருங்கறதை ஆசிரியர் ஒத்துக்கிட்ட பிறகுதான் செலவு பண்ணணும்னு முதல்லயே எழுதி வாங்கிக்கிடுங்க.

மொழிபெயர்ப்பாளரைச் சின்னதா நினைக்குற ஏஜென்சி எதுவா இருந்தாலும் ஒதுங்கிருங்க. 2025ல சர்வதேச புக்கர் பரிசு கன்னடத்துல பானு முஷ்தாக் எழுதுன சிறுகதைகளுக்குக் கிடைச்சதுலா, அந்த 50,000 பவுண்டும் எழுதுனவருக்கும் இங்கிலீஷ்ல கொண்டு போன தீபா பாஸ்திக்கும் சரிபாதி. வெளிநாட்டு ஆசிரியர்குழுல தமிழ் படிக்கத் தெரிஞ்சவங்களைக் காண்கறது அபூர்வம், அவங்க படிக்குறது மொழிபெயர்ப்பாளரோட எழுத்தைத்தான்.

புது மாதிரி போன பிறகு நிலைமை மாறிச்சு. ஜனவரில சென்னை சர்வதேச புத்தகக் கண்காட்சில வச்சு இந்தியத் துணைக்கண்டத்துக்கு மட்டும் இங்கிலீஷ் உரிமை ஒரு பதிப்பகத்துக்குப் போச்சு, பிரிட்டன், அமெரிக்கா நம்மகிட்டயே இருக்கு. ஒரு ஜெர்மன் பதிப்பாளர் முழு நாவலையும் கேட்டு வாங்கிப் படிச்சுக்கிட்டு இருக்கார். இந்தக் கண்காட்சி 2023லேருந்து தமிழ்நாடு அரசு நடத்துது, தமிழ்லேருந்து மொழிபெயர்க்க முன்வர்ற வெளிநாட்டு பதிப்பாளருக்கு நிதி உதவியும் இருக்கு. நம்மள மாதிரி சின்ன பதிப்பகத்துக்கு பிராங்பர்ட் போக டிக்கெட்டும் விசாவும் கட்டுபடியாகாது, நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறுனா சென்னை வந்துரும். ஏஜென்சி இல்லாமலே போய்ப் பாருங்க, ஒரு பக்கக் குறிப்பும் நல்ல மாதிரியும் கையில இருந்தா உங்ககிட்ட உக்காந்து பேசுவாங்க.

பணம் வர்ற விஷயத்துல கணக்கு சுத்தம், ஒவ்வொரு வரவுக்கும் பிரிச்சு எழுதி அனுப்புதாங்க. வெளிநாட்டுலேருந்து ராயல்டி வரணும்னா வருமானவரித் துறைகிட்ட டிஆர்சி, அதாவது நாம இந்தியாவுல வரி கட்டுற ஆளுன்னு காட்டுற சான்றிதழ் வாங்கி அனுப்பணும், இல்லேன்னா அந்த நாட்டு வரியை அதிக விகிதத்துல பிடிச்சுருவாங்க. இதுக்கு அண்ணாச்சிக்கு ஆடிட்டர் தேவைப்பட்டாவ, ஏஜென்சி வழி சொல்லுச்சு, ஆனா வேலை நாமதான் பாக்கணும்.

பதில் போடுற விஷயம் உண்மையிலேயே மோசம். சந்தை நடக்குற மாசங்கள்ல மெயில் அனுப்புனா கிணத்துல போட்ட கல்லுதான். வயசான எழுத்தாளர் ஒருத்தர் நம்ம புக்கு என்ன ஆச்சுன்னு தவிச்சுக்கிட்டு இருப்பாருங்கறது அவங்களுக்குப் புரியணும், ஒண்ணும் நடக்கலேன்னாலும் மாசம் ஒரு வரி எழுதலாம்லா. இதை அவங்ககிட்ட நேர்லயே சொல்லிட்டேன்.

இன்னொரு குறை மலையாளத்துல. மலையாளப் பதிப்பாளரைக் கண்டுபிடிச்சது நாங்க, செங்கோட்டை தாண்டுனா கேரளா, அந்தப் பக்கத்து எழுத்தாளர்களோட நமக்குப் பல வருசப் பழக்கம், பேசி முடிச்சதும் நாங்கதான். ஆனா எல்லா உரிமைக்கும் அவங்கதான் ஒரே ஏஜென்ட்னு அக்ரிமெண்ட் இருக்குறதால 15 சதவீதம் அவங்களுக்குப் போச்சு. எழுதுனபடிதான் நடந்துக்கிட்டாங்க, தப்பு சொல்ல முடியாது, மலையாள அக்ரிமெண்ட்டையும் அவங்கதான் திருத்திக் குடுத்தாங்க. இருந்தாலும் நம்ம பக்கத்து எழுத்தாளர்களுக்கு மலையாளமும் கன்னடமும் நாமளே எட்டிப் பிடிக்கக் கூடிய தூரம்தான், அதை விலக்கி வச்சுட்டு மீதிக்குக் கையெழுத்துப் போடுறது நல்லது.

முதல் சிறுகதைத் தொகுப்பு போட்டுட்டு உடனே ஏஜென்சி தேடுறவங்களுக்கு இது இப்பம் வேண்டாம்னுதான் சொல்லுவேன், தமிழ்ல நாலு பேரு படிச்சு விமர்சனம் எழுதட்டும், அந்த விமர்சனங்களைத்தான் வெளிய காட்ட முடியும். சினிமாவுலேருந்து போன் வந்துருச்சுன்னா மட்டும் காத்திருக்காதீங்க, ஏஜென்சி இல்லேன்னாலும் காப்புரிமை தெரிஞ்ச ஒரு வக்கீல்கிட்ட அந்தப் பேப்பரைக் காட்டாம கையெழுத்துப் போடாதீங்க.

அண்ணாச்சியோட அடுத்த நாவல் தயாராகுது. அதையும் இதே ஏஜென்சிகிட்டதான் குடுக்கோம். மலையாளமும் கன்னடமும் எங்ககிட்ட இருக்கும், மாதிரி மொழிபெயர்ப்பை பாளைப் பேராசிரியைதான் செய்வாங்க, மாசத்துக்கு ஒரு தடவை நிலவரம் எழுதணும், இந்த மூணையும் புது அக்ரிமெண்ட்ல சேக்கச் சொல்லிக் கேட்டிருக்கோம். முதல் ரெண்டுக்கும் சரின்னுட்டாங்க, மூணாவதுக்குப் பதில் இன்னும் வரல.