வெட்சி, அசேலியாவுக்குக் கரைசல் உரமா, குருணை உரமா?

டர்பனில் முருகனுக்கென்று வெட்சி வளர்ப்பவர்களுக்கும், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் அசேலியா வைத்திருப்பவர்களுக்கும் இந்தக் கேள்வி வரும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தொட்டிக்குக் கரைசல், தரைக்குக் குருணை.

இவை புளிப்பு மண்ணை விரும்பும் செடிகள். அசேலியாவுக்கு மண்ணின் பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.5 முதல் 6 வரை இருந்தால் நல்லது. அதற்கு மேல் ஏற ஏற, மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்கு எட்டாது. துளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும்.

அப்போது வேகமாகக் கைகொடுப்பது கரைசல்தான். ஆனால் பாக்கெட்டில் உள்ள பூப்படத்தை நம்பி வாங்காதீர்கள், தழைச்சத்து (நைட்ரஜன்) எந்த வடிவில் இருக்கிறது என்று படியுங்கள். அம்மோனியம் என்றால், வேர் அதை உறிஞ்சும்போதே பக்கத்து மண் புளிப்பேறும். நைட்ரேட் என்றால் நேர்மாறு. அம்மோனியம் சல்பேட்டில் 21 சதவீதம் தழைச்சத்து, கூடவே கந்தகமும் உண்டு. 5 லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி போதும். காய்ந்த மண்ணில் ஊற்றக் கூடாது, வேர் கருகும். இரும்பு உரத்திலும் வித்தியாசம் இருக்கிறது, இரும்பை வேருக்கு எட்டும்படி பிடித்து வைத்திருக்கும் சேர்மத்தைப் பொறுத்து. இடிடிஏ வகை பிஎச் 6.5 தாண்டினால் பயன்படாது. இடிடிஎச்ஏ வகை காரமண்ணிலும் வேலை செய்யும். விலை கூடுதல்தான், ஆனாலும் மஞ்சளடித்த செடிக்கு நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

தரையில் கதை வேறு. டர்பனின் பெரேயா பகுதிச் செம்மணலில் கோடை மழை கரைசலை அடித்துக்கொண்டு போய்விடும். மெதுவாகக் கரையும் குருணையைத் தூவி, மேலே பைன் பட்டை மூடாக்கு போட்டால் சத்து நின்று கிடைக்கும். புல்தரைக்கு வாங்கிய எல்ஏஎன் (சுண்ணாம்புக்கல் அம்மோனியம் நைட்ரேட்) உரம் மிச்சம் இருக்கிறதே என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், அதில் சுண்ணாம்புக்கல் கலந்திருக்கிறது. எப்சம் உப்பும் மண்ணைப் புளிப்பாக்காது, அது மெக்னீசியம் குறைவுக்குத்தான்.

அசேலியாவுக்கு எந்த உரமானாலும் பூ முடிந்ததும் ஆரம்பித்து, பிப்ரவரியோடு நிறுத்துங்கள்.

சரி, சிமெண்ட் சுவரை ஒட்டி நிற்கும் செடிக்கு? பூச்சிலிருந்து சுண்ணாம்பு இறங்கிக்கொண்டே இருக்கும் இடத்தில் இரண்டுமே வீண்செலவு. அதைத் தோண்டி, புளிப்புக் கம்போஸ்ட் நிரப்பிய தொட்டிக்கு மாற்றிவிட்டுக் கரைசலைத் தொடங்குங்கள்.