ரங்கூனில் நாய்க்குக் கண் அறுவை: கூம்பும் மாடிப்படியும் கரண்ட் கட்டும்

சிங்கப்பூரில் இருக்கும் ரங்கூன்காரர்கள் ஊர் போய்வந்தவர்களைக் கண்டால் கேட்பது இரண்டுதான்: கரண்ட் எப்படி, கியாட் (பர்மா நாணயம்) என்ன ரேட்டு. கரண்ட் முறை போட்டு வருகிறது. பட்டியலில் இருக்கும் நேரத்தை நம்பி மாவரைக்க ஊறப்போடாதீர்கள். ரேட்டு நான் எழுதி நீங்கள் படிப்பதற்குள் மாறிவிடும். நான் சொல்ல வந்தது வேறு. அம்மா வளர்க்கும் ஷிட்சு நாய் ஜிம்மிக்குக் கண்ணில் அறுவை நடந்தது. என் விடுப்பில் பெரும்பகுதி கண்ணைச் சொறியாமல் இருக்க அதன் கழுத்தில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் கூம்புக்குக் காவல் இருப்பதிலேயே போயிற்று.

வந்தது செர்ரி ஐ. கண்ணின் உள்மூலையில் நாய்க்கு மூன்றாம் இமை ஒன்று உண்டு. அதிலுள்ள சுரப்பி இடம் நழுவி, சிவப்பாகப் பட்டாணி அளவில் வெளியே துருத்தி நின்றது. ஷிட்சு, புல்டாக், காக்கர் ஸ்பேனியல் குட்டிகளுக்கு இது அடிக்கடி வரும். முதலில் போன இடத்தில் “வெட்டிடலாம், சின்ன வேலை” என்றார்கள். கேட்டதும் ஜிம்மி இருந்த கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். கண்ணீரில் கணிசமான பங்கு அந்தச் சுரப்பியிலிருந்துதான் வருகிறது. அதை எடுத்துவிட்டால் பிற்காலத்தில் கண் வறண்டு, ஆயுள் முழுக்கச் சொட்டு மருந்து ஊற்றும்படி ஆகலாம். அடுத்த கிளினிக்கில் இருந்த ஸயாமா (பெண் டாக்டரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) வயதில் என் தங்கையைவிடச் சின்னவர். இமையோரம் காகிதத் துண்டு வைத்துக் கண்ணீர் அளந்தார், பச்சையாக மிளிரும் சாயம் விட்டுக் கருவிழியில் புண் இருக்கிறதா என்று பார்த்தார், சுரப்பியை உள்ளே தள்ளிப் பை மாதிரி தைத்துவிடலாம் என்றார். அறுவை நடக்கும்போது கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். வாசலில் இருந்த ஜெனரேட்டரைக் காட்டிச் சிரித்தார். வேலை சுத்தம். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

குறையெல்லாம் அதற்குப் பிறகுதான். கவுன்டரில் கொடுத்த கூம்பு ஜிம்மியின் மூக்கோடு நின்றுவிட்டது. கண்ணுக்கென்று போடும் கூம்பு மூக்கு நுனியைத் தாண்டி இரண்டு விரல் அளவாவது நீள வேண்டும். குட்டையாக இருந்தால் நாய் தலையைச் சாய்த்துச் சோபா முனையில் கண்ணைத் தேய்த்துவிடும். கழுத்துப் பக்கம் இரண்டு விரல் நுழைகிற தளர்ச்சி போதும். அதற்கு மேல் தளர்ந்தால், மூஞ்சி சப்பையான இந்த இனம் பின்னால் நகர்ந்தே உருவிக்கொண்டு வந்துவிடும். ஹ்லேடான் பக்கம் ஒரு கடையில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் ஓர் அளவு பெரியது கிடைத்தது. அடிப்பக்கத்து வளையங்களில் காஸ் துணி நாடாவைக் கோத்து, மார்புப் பட்டையோடு சேர்த்துக் கட்டினோம். வாரைக் கழுத்தில் கட்டாமல் மார்புப் பட்டையில் மாட்டச் சொன்னவர் ஸயாமாதான். கழுத்து இறுகினால் கண்ணுக்குள்ளும் அழுத்தம் ஏறுமாம். அதே கடையில் காற்றடைத்த வளையம் ஒன்றும் காட்டினார்கள். பார்க்க அழகுதான். வயிற்றுத் தையலை நக்காமல் இருக்க அது உதவலாம். முன்னங்கால் கண்ணுக்கு எட்டுவதை அது தடுக்காது.

நாயைச் சமாளித்துவிடலாம். எங்கள் பெரியம்மாவைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு.

“பாவம்டி, வாயில்லா ஜீவன். சாப்பிடுற நேரமாவது கழட்டி விடேன்.”

“ஒரு சொறி போதும் பெரியம்மா, தையல் பிரிஞ்சிரும்.”

“நாங்கெல்லாம் நாய் வளர்க்கலையா?”

காளி கோயிலுக்குப் போய்வந்தவர் திருநீறை எடுத்துக்கொண்டு நேரே நாயின் நெற்றிக்குத்தான் போனார். கையைப் பிடித்து நிறுத்தினேன். இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை. கூம்போடு சாப்பிட வைக்க வழி இருக்கிறது. கூம்பின் வாயைவிடச் சிறிய கிண்ணமாக எடுத்து, கவிழ்த்த டப்பா மேல் உயரமாக வைத்தால் அதுவே சாப்பிடும். ஓரத்தில் ஒட்டும் சோற்றை அன்றன்றே துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் எறும்பு. புழுக்கத்தில் கூம்புக்கடியில் ஈரம் தங்கிக் கழுத்து புண்ணாகும் என்பதால் ராத்திரி ஒருமுறை மடியில் வைத்து, ஒருவர் முன்னங்கால்களைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கழற்றித் துடைத்து உடனே மாட்டினோம். அந்தக் கழற்றலைப் பெரியம்மா கண்ணெதிரே செய்ததும் சண்டை பாதி குறைந்தது.

எங்கள் வீடு டவுனில், மேல்மாடி, லிப்ட் கிடையாது. ரங்கூன் மாடிப்படி தெரியுமல்லவா: செங்குத்து, ஓர் ஆள் அகலம். கூம்பு மாட்டிய நாய்க்குக் காலடிப் படி தெரியாது. இறங்கும்போது விளிம்பு அடுத்த படியில் முட்டி, ஜிம்மி முன்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அதற்கப்புறம் தூக்கித்தான் இறக்கினோம். இருட்டில் சுவரெல்லாம் மோதும் என்பதால் தரையோரம் சார்ஜ் விளக்கு ஒன்று எரிந்துகொண்டே இருந்தது.

நகருக்குள் 2003 முதல் மோட்டார் பைக் கிடையாது என்பதால் கிளினிக் போக டாக்சிதான். கிராப் செயலியில் கூப்பிட்டதும் நாய் இருக்கிறது என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். கூடையும் பழைய லுங்கியும் இருந்தால் பெரும்பாலும் ஏற்றிக்கொள்கிறார்கள். சைக்கா என்னும் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுபவருக்கு அந்தக் கவலையே இல்லை. எங்கள் தெருமுனைக்காரர் கூம்பைப் பார்த்து, திருவிழா லவுட் ஸ்பீக்கரா என்று கேட்டுவிட்டு ஏற்றிக்கொண்டார்.

மருந்துக் கடை சேவை அபாரம். போன் செய்தால் பையன் கீழே வந்து, பால்கனிக் கயிற்றின் கிளிப்பில் பொட்டலத்தை மாட்டி மணியை இழுப்பான், நாம் மேலே இழுத்துக்கொள்ளலாம். ஆனால் சீட்டில் எழுதிய சொட்டு இல்லையென்றால் “அதே மாதிரிதான்” என்று வேறொன்றைத் தருவார்கள். எங்களுக்கு வந்ததில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. கருவிழியில் புண் இருக்கும் கண்ணில் ஸ்டீராய்டு பட்டால் புண் ஆறாது, ஆழமாகவும் போகலாம். ஸயாமாவுக்குப் படம் அனுப்பிக் கேட்ட பிறகு திருப்பிக் கொடுத்தோம். குளோராம்பெனிகால் சொட்டு என்றால் குளிரில் வைக்க வேண்டும். பிரிஜ் நாள் பாதி உறங்கும் ஊரில் அதற்குத் தெர்மோஸும் லபெயே கடை (டீக்கடை) ஐஸும்தான் துணை; ஐஸ் நேரே படாமல் துணி சுற்றி வையுங்கள். ஒரு சொட்டு மருந்துக்கும் அடுத்த சொட்டு மருந்துக்கும் இடையில் ஐந்து நிமிடமாவது விட வேண்டும், களிம்பு கடைசியில். முன்னால் நின்று பாட்டிலை நீட்டினால் ஜிம்மி உதறும். முதுகுப் பக்கம் உட்கார்ந்து தாடையை லேசாக உயர்த்தி விட்டால் தெரியாமலேயே முடிந்துவிடும்.

கூம்பு இரண்டு வாரம் என்றார்கள். கண் தெளிந்துவிட்டதே என்று பத்தாம் நாளே நீங்களாகக் கழற்றாதீர்கள். மறுபார்வையில் ஸயாமா சொல்லட்டும். நாள் குறிக்கும்போது திங்யானையும், அதாவது பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவையும், பார்த்துக்கொள்ளுங்கள். நம் சித்திரைப் பிறப்பை ஒட்டி ஊரே தண்ணீரில் இருக்கும், கிளினிக்கும் கடையும் மூடிக் கிடக்கும். மறுபார்வை அந்த வாரத்தில் விழாதபடி, பங்குனி தொடங்கும் முன்பே அறுவையை வைத்துக்கொள்வது நல்லது.