நைராவா, சிஎஃப்ஏ பிராங்கா?

மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜீரியாவும் பெனினும் பக்கத்துப் பக்கத்து நாடுகள். பணத்தில் மட்டும் எதிரெதிர் துருவங்கள். 1973-இல் வந்த நைஜீரிய நாணயமான நைராவை எண்ணெய் விலை ஆட்டிவைக்கிறது. பெனின் வேறு சில நாடுகளோடு பகிரும் சிஎஃப்ஏ பிராங்க், யூரோவோடு கட்டப்பட்டது: 1 யூரோவுக்கு 655.957. யூரோவுக்கு முன் அது பிரெஞ்சு பிராங்கோடு கட்டப்பட்டிருந்தது; 1994 ஜனவரியில் அந்த பிராங்குக்கு எதிரான அதன் மதிப்பு ஒரேயடியாகப் பாதியானது. அதோடு சரி, பிறகு அந்தக் கட்டு அவிழவில்லை.

2023 தொடக்கத்தில், அரசு விகிதப்படி, 1 நைராவுக்கு 1 பிராங்குக்கு மேலேயே கிடைத்தது. ஜூனில் நைஜீரியா நாணய விகிதத்தின் மீதான கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. 2024 இறுதியில் அதே நைராவுக்கு அரை பிராங்க்கூடத் தேறவில்லை. நைராவில் சிறுகச் சிறுகச் சேர்த்தவர்களை நினைத்தால் மனசு கனக்கிறது.

சேமிப்புக்கு என்றால் பிராங்க்தான். ஆனால் நைஜீரியாவின் லாகோஸுக்குச் சரக்கு விற்கும் பெனின் வியாபாரிக்கு அதுவே சுமை: நைரா சரியச் சரிய, அங்கே அவர் சரக்கின் விலை எகிறுகிறது, தன் நாணயத்தின் மதிப்பைத் தனியாக இறக்க பெனினால் முடியாது.