ஹைட்ரேஞ்சியா: கவாத்து எப்போது, பனிக்காப்பு எதனால்?

நீலகிரியில் வேலியோரங்களிலும் பங்களா வாசல்களிலும் நீலமும் இளஞ்சிவப்புமாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியாக்களில் பெரும்பாலானவை, ஜப்பானைத் தாயகமாகக் கொண்ட பெரிய இலை வகையைச் சேர்ந்தவை. அடுத்த ஆண்டு விரியவேண்டிய பூமொட்டு, மழைக்காலம் ஓய்ந்து இரவுகள் குளிரத் தொடங்கும்போதே இந்த ஆண்டுத் தண்டின் நுனியில் உருவாகிவிடுவது இவ்வகையின் இயல்பு. ஆகவே டிசம்பரில் நுனியை வெட்டுபவர் வரப்போகும் பூவையே வெட்டுகிறார்; அந்த நுனியை உறைபனி கருக்கிவிட்டாலும் இழப்பு ஒன்றுதான். கவாத்து முறைகளையும் பனிக்காப்பு முறைகளையும் இந்த ஒரே அளவுகோலால் எடைபோடலாம்.

முதலில், செடியை முழங்கால் உயரத்துக்கு ஒட்ட வெட்டிவிடும் முறை. இது தேயிலைத் தோட்டத்திலிருந்து வீட்டுத் தோட்டத்துக்கு வந்த பழக்கம் என்றே தோன்றுகிறது. தேயிலையில் நமக்கு வேண்டியது கொழுந்து என்பதால், எவ்வளவு ஆழமாகக் கவாத்து செய்தாலும் புதுத்தளிர் வந்தால் போதும். ஹைட்ரேஞ்சியாவிலும் தளிர் செழிப்பாகவே வரும். ஆனால் அந்த ஆண்டு முழுவதும் இலையை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க நேரும். பராமரிப்பின்றிப் புதர்மண்டிப்போன பழஞ்செடியைப் புதுப்பிக்கக்கூட இம்முறை எனக்கு உடன்பாடில்லை. முதிர்ந்து மரத்துப்போன தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் ஆண்டுதோறும் அடியோடு அகற்றிவந்தால், பூவை இழக்காமலேயே மூன்று ஆண்டுகளில் செடி புதிதாகிவிடும்.

எஞ்சிய இரண்டு முறைகளுக்கு இடையில்தான் உண்மையான போட்டி. பூத்து முடிந்தவுடன், அதாவது ஆகஸ்ட், செப்டம்பரிலேயே வாடிய கொத்துகளை நீக்கிவிடுவது ஒன்று. அவற்றை அப்படியே விட்டுவைத்துப் பனிக்காலம் கழிந்தபின் வெட்டுவது மற்றொன்று. உறைபனி அரிதாகவே இறங்கும் குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளுக்கு முதலாவதே ஏற்றது. வடகிழக்குப் பருவமழையை நிறையப் பெறும் அவ்விடங்களில் நனைந்து தொங்கும் பழைய கொத்துகளில் சாம்பல் பூஞ்சணம் பிடித்து, அது தண்டுக்கும் பரவக்கூடும். கொடைக்கானலிலும் அக்டோபர், நவம்பர் மழை இதே தொல்லையைத் தருவதால், அங்கே அழுகும் கொத்துகளையாவது அவ்வப்போது கிள்ளிவிடுவது நல்லது.

ஊட்டியில் நிலைமை வேறு. மேகமும் காற்றும் இல்லாத இரவில் குளிர்காற்று சரிவிலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்குவதால், தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் போன்ற தாழ்வான இடங்கள் வெளுத்துப்போக, சற்று மேலேயுள்ள வீட்டுத் தோட்டம் தப்பிவிடுவதும் உண்டு. பள்ளத்தில் தோட்டம் வைத்திருப்பவர்கள் கொத்துகளை விட்டுவைக்கட்டும். காய்ந்த கொத்து அடியிலுள்ள மொட்டுக்குக் கூரைபோல் அமைந்து முதல் அடியைத் தாங்கிக்கொள்ளும். பிப்ரவரியிலும் பனி திரும்புவது உண்டு என்பதால் மார்ச் பிறந்தபின் கத்தரியை எடுத்தால் போதும். அப்போது தண்டை நுனியிலிருந்து கீழ்நோக்கிப் பார்த்துவந்தால், கருகிச் சுருங்கிய மொட்டுகளுக்குக் கீழே ஒரு கணுவில் எதிரெதிராகப் பருத்த இரண்டு பச்சை மொட்டுகள் தெரியும். அவற்றுக்குச் சற்று மேலே வெட்டவேண்டும். உயிர் இருக்கிறதா என்ற ஐயம் வந்தால் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்க்கலாம்: உள்ளே பச்சை என்றால் விட்டுவிடலாம், பழுப்பு என்றால் இன்னும் கீழே இறங்கலாம்.

பனிக்காப்பில் நான் முதலிடம் தருவது மிலார் என்னும் செடியின் தழைக்கு. ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளை மூடுவதற்குக் கோத்தகிரி மிலாரைப் பயன்படுத்துவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். காற்றும் ஓரளவு வெளிச்சமும் ஊடுருவுவதால் அதைத் தினமும் எடுத்து மூடவேண்டியதில்லை. பிளாஸ்டிக் தாள் மலிவுதான். ஆனால் இலையைத் தொடும் இடமெல்லாம் குளிரைக் கடத்துகிறது, பகலில் எடுக்க மறந்தாலோ உள்ளே செடி வெந்துபோகிறது. சாக்கையோ நிழல்வலையையோ நான்கு குச்சிகள் நட்டுச் செடியில் படாமல் விரித்தால் இரண்டுக்கும் நடுவான பலன் கிடைக்கும். சூரியன் படுவதற்குமுன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைக்கும் முறை புல்வெளிக்குப் பொருந்தும். வீட்டு ஹைட்ரேஞ்சியாவுக்கு அது ஒருநாளும் தவறாமல் விடியலில் எழுந்து செய்யவேண்டிய வேலையாகிவிடும்.

தொட்டிச் செடிகளுக்கு இந்த ஆராய்ச்சியே தேவையில்லை. தாழ்வாரத்துக்கு நகர்த்தினால் போதும். கிழக்குச் சுவரோரம் மட்டும் கூடாது: உறைந்த மொட்டின்மேல் காலை வெயில் நேராக விழுந்து அதைத் திடீரெனக் கரைப்பது, உறைதலைவிட அதிகச் சேதம் செய்யும்.

கூம்பு வடிவில் வெள்ளைக் கொத்து விடும் பேனிகுலேட்டா வகை வைத்திருப்பவர்கள் மேற்சொன்னவற்றைத் தலைகீழாகக் கொள்ளலாம். அது புதுத்தளிரிலேயே பூப்பதால், பனிக்காலக் கடைசியில் நன்றாக வெட்டிவிடுவதே அதற்கு நல்லது. எந்த வகையானாலும் அக்டோபருக்குப்பின் யூரியா போன்ற தழைச்சத்து உரங்களை நிறுத்திவிடவேண்டும். அந்த நேரத்தில் கிளம்பும் இளந்தளிர்தான் பனியில் முதலில் கருகும், எந்த மூடுபொருளும் அதை முழுமையாகக் காப்பாற்றாது.